இரண்டேகால் மணி உப்பு

சுனேயோஷி வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தபோது மறுநாள் ஆட்டப் பட்டியல் வந்தது. சுமோ கூடத்தில் சேர்ந்து பதினெட்டு வருடம். இருபது மல்லர்களுக்கும் சாங்கோ குழம்பு அவன் கைப்பக்குவம்தான். கோதாவில் அவன் பெயர் இசோனாமி. கீழ்ப்பிரிவு. வயது முப்பத்தாறு.

"கத்தியைக் கீழ வைங்கண்ணே," என்றான் இளைய மல்லன் ஹிதாகா. "நாளைக்கு நீங்க மேல ஏறுறீங்க!"

மேல்பிரிவில் ஒருவனுக்கு முழங்கால் போய்விட்டது. ஆள் குறைந்தால் கீழ்ப்பிரிவின் உச்சியில் இருப்பவனை ஒரு நாளைக்கு இரவல் கேட்பார்கள். ஒரே ஒரு நாள். ஆனால் அந்த நாளில் தலையில் ஜின்கோ இலைபோல விரிந்த கொண்டை உண்டு, மோதுமுன் கோதாவைப் புனிதமாக்க வீச உப்பு உண்டு. கீழ்ப்பிரிவுக்காரனுக்கு இரண்டும் கிடையாது. ஏற வேண்டியது, மோத வேண்டியது, இறங்க வேண்டியது.

ஈரக்கையோடு ஊருக்குப் போன் போட்டான். நோட்டோ கடற்கரையில் அவன் அப்பா தோமெகிச்சி உப்பு விளைவிப்பவர். வெயில் அடிக்கும் நாளெல்லாம் வாளியில் கடல்நீர் சுமந்து வந்து, மணல் பாத்தியில் ஒரே வீச்சில் விசிறி இறைப்பார். மகன் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "நீ உப்பு வீசுற அன்னிக்குச் சொல்லு, வர்றேன்." அதற்கப்புறம் ஒரு போட்டிக்கும் அவர் வரவில்லை. கூப்பிட அவனுக்கும் வாய் வரவில்லை.

"அப்பா, நாளைக்கு வீசுறேன்."

எதிர்முனையில் அலைச் சத்தத்துக்கு நடுவே வாளியைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது. பிறகு, "எத்தனை மணிக்கு?"

"இந்தத் தடவை ரொம்ப லேட்டுதான்ப்பா. அவசரப்படாம வாங்க."

மறுநாள் முடிதிருத்துநர் தொகோமினே அவன் தலையில் எண்ணெய் தேய்த்துச் சீவினார்.

"ஆடாதே. பதினெட்டு வருஷமா உனக்கு ஒரே முடிச்சு போட்டு என் கை துருப்பிடிச்சுக் கிடக்கு."

"உச்சில முடி குறைஞ்சிடுச்சே, நிக்குமா?"

"ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருந்தேன்னா ஒட்டுமுடிதான்."

கண்ணாடியில் கொண்டையை ஒருமுறைதான் பார்த்தான். மறுமுறை பார்த்தால் அழுதுவிடுவோமோ என்று பயம்.

இரண்டேகாலுக்குப் பெயர் சொல்லி அழைத்தார்கள். அரங்கில் பாதிக்கு மேல் ஆளில்லாத இருக்கைகள். அவனுக்கோ திருவிழாக் கூட்டமாகத் தெரிந்தது. மேற்கு வாசலைப் பார்த்தபடியே உப்புக் கூடையில் கைவிட்டான். கை அதன் பழக்கத்தைச் செய்தது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை எடுத்துத் தூவியது.

"யோவ், கோதாவுக்கா சூப்புக்கா?" என்று மேலிருந்து ஒருவர் கத்த, அரங்கம் சிரித்தது.

இரண்டாம் முறையும் கண் வாசலில்தான் இருந்தது. நரைத்த தலை ஒன்றும் உள்ளே வரவில்லை. மூன்றாவதுதான் கடைசி. கை நிறைய அள்ளினான். இடுப்பு திரும்பியது, தோள் திறந்தது, உப்பு விசிறியாக விரிந்து விளக்கொளியில் ஒரு கணம் நின்று கீழே விழுந்தது. சிரித்தவர்கள் கை தட்டினார்கள். அது மணல் பாத்தியின் வீச்சு. அதைப் பார்த்ததும் அடையாளம் சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒரே ஆள்தான்.

ஆட்டம் ஐந்து நொடி. அவன் பாய்ந்தான், எதிராளி விலகினான். சுனேயோஷி தான் வீசிய உப்பின்மேலேயே குப்புற விழுந்தான்.

குளித்து, உடை மாற்றி, நாலு மணி வாக்கில் வெளியே வந்தபோது, வாசலில் கொடிகளுக்குக் கீழே தோமெகிச்சி நின்றுகொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் போடும் கோட்டு. கையில் ஒரு துணிப்பை.

"சுனே! என்னடா வெளிய சுத்துறே? ஏற வேண்டாமா?"

"முடிஞ்சிடுச்சுப்பா."

"முடிஞ்சிடுச்சா? டிவில அஞ்சு மணிக்கு மேலதானேடா காட்டுவான்! நீதானே லேட்டுன்னே? முதல் பஸ்ஸை விட்டுட்டு, உப்பு காய்ச்சுற அடுப்பை அணைச்சுட்டு, ரெண்டாவது பஸ்ல..."

சுனேயோஷிக்கு அப்போதுதான் உறைத்தது. காலை எட்டரைக்குத் தொடங்கி, மேலே வந்த பிறகும் மதியத்தோடு ஆட்டத்தை முடித்துக்கொண்டு, ஆளில்லாத அரங்கில் மோதிப் பழகியவனுக்கு, இரண்டேகால் வாழ்க்கையிலேயே மிகத் தாமதமான நேரம். ஊரில் டிவி பார்ப்பவருக்கோ சுமோ என்றாலே சாயங்காலம்.

டிக்கெட்டோடு உள்ளே போகிறவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள். அப்பா வெகுநேரம் அவன் கொண்டையையே பார்த்தார்.

"எப்படி வீசினே? காட்டு."

"இங்கேயா?"

"காட்டுடா."

துணிப்பையில் இருந்தது இந்த வருட உப்பு என்று பார்த்ததுமே தெரிந்தது. அதைத் தெருவில் கொட்ட இருவருக்கும் மனம் வராது. சுனேயோஷி வெறுங்கையை இடுப்பருகே கொண்டுபோய், திரும்பி, வீசினான். ஒன்றுமில்லாதது விழுந்த இடத்தைத் தோமெகிச்சி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"பரவலா விழுந்துச்சா?"

"விழுந்துச்சுப்பா."

"ம்." துணிப்பையை அவனிடம் நீட்டினார். "இந்தக் கொண்டை எப்ப வரைக்கும் இருக்கும்?"

"நாளைக்குக் காலைல அவிழ்த்துடுவாங்க."

"அடுத்த தடவை முதல் பஸ்லயே வந்துடுறேன்."

"சரிப்பா," என்றான். குழம்புக்கு நேரமாகியிருந்தது. அப்பாவோடு கூடத்தை நோக்கி நடந்தான், கொண்டை கலையாமல் தலையை நேராகப் பிடித்தபடி.