காஜாக்காவும் இரண்டு இடது கைகளும்

எங்கள் தையல் கடையில் பொத்தான் துளை எடுப்பவள் அவள். அந்த வேலைக்குக் காஜா என்று பெயர். அதனால் அவளும் காஜாக்கா ஆகிவிட்டாள். காலையில் ஊசியில் நூல் கோக்கும் முன் கண்ணை மூடி உதடு அசைப்பாள். கழுத்தில் சின்னச் சிலுவை. மற்றபடி சாமியைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. எனக்கு அதுதான் சந்தேகம்.

நான் துணி வெட்டும் மாஸ்டர். எனக்குக் காய்ச்சல் என்றால் அவளிடமிருந்து வீட்டுக்குச் சாப்பாடு வரும். என் மனைவியின் முட்டிவலிக்கு ஆஸ்பத்திரி வரிசையில் அவள்தான் போய் நின்றாள்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கே" என்றேன் வீட்டில்.

"உங்களுக்கு யாரைத்தான் பிடிக்கும்?" என்றாள் மனைவி.

ஒன்று, என்னைச் சர்ச்சுக்கு இழுக்கப் பார்க்கிறாள். இல்லையென்றால் என் கத்திரிமேல் கண். அவளுக்கும் வெட்டத் தெரியும். இன்னொரு துணி பாழானால் கத்திரியை வைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று முதலாளி எனக்குச் சொல்லியிருந்தார்.

அந்த வாரமே வந்தது வினை. மாப்பிள்ளைக் கோட்டு. ஒரு பக்கம் மட்டும் மினுங்கும் துணி. ஒரு கையை வெட்டிவிட்டு, அளவுக் காகிதத்தைத் திருப்பிப் போட்டு மறுகையை வெட்ட வேண்டும். திருப்ப மறந்தேன். இரண்டும் இடது கை. நிமிர்ந்தால் காஜாக்கா பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாத."

"நானாப் போய்ச் சொல்ல மாட்டேன் மாஸ்டர். ஆனா கேட்டா எனக்குப் பொய் வராது. நீங்களே சொல்லிடுங்க, நானும் கூட வர்றேன்."

மாட்டிவிடத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். வேறு வழியில்லாமல் போய்ச் சொன்னேன். முதலாளி முகம் சிவப்பதற்குள் அவள் மிச்சத் துணியை மேஜையில் விரித்தாள்.

"அக்குள்ல ஒட்டு வச்சா ஒரு கை தேறும். ஒட்டு நான் போடுறேன். ஆனா மாஸ்டர்தான் வெட்டணும். அந்த வளைவு வேற யாருக்கும் வராது."

முதலாளி முனகிக்கொண்டே கத்திரியை என் பக்கம் தள்ளினார்.

சாயங்காலம் கேட்டேவிட்டேன். "உனக்கு என்னதாம்மா வேணும்? உங்க சர்ச்சுக்கு வரணுமா?"

"வந்தா சந்தோஷம்தான். அதுக்காகச் செய்யல."

"பின்ன காலையில கண்ண மூடி என்ன கேக்குற?"

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "நமக்கு ஆகாதவங்களுக்காக வேண்டிக்கச் சொல்லியிருக்காரு எங்க ஆண்டவர். அதனால தினமும் முதல்ல உங்க பேருதான் மாஸ்டர்."

"எப்பலேருந்து?"

"வேலைக்கு வந்த மறுநாள்லேருந்து. ஆறு வருஷம் ஆச்சு. இப்பக் கொஞ்சம் பரவால்ல."

கோபம் வரும் என்று பார்த்தேன், வெட்கம்தான் வந்தது. மறுநாள் அவள் கண்ணை மூடியபோது, என் பெயர் முடிந்திருக்கும் என்று தோன்றும்வரை நான் கத்திரியை எடுக்கவில்லை.