திருவண்ணாமலைச் சாமி பேரு

பிறப்புச் சான்றிதழில் பெயரைத் திருத்தப் போனேன். ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், அங்கிருந்து ஒரு குன்று, குன்றிலிருந்து ஓர் அலுவலகம், பிறகு வீடு. எல்லாம் சேர்த்து முப்பத்திரண்டு கிலோமீட்டர். இதைப் பயணம் என்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுதலாம். இதே வேலையாகக் கிளம்புகிறவர்கள் நிறைய இருப்பார்கள்.

விஷயம் இதுதான். பள்ளிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட், பட்டம் எல்லாவற்றிலும் நான் சீனிவாசன். பிறப்புச் சான்றிதழில் மட்டும் அருணாசலம். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்கு இடம் தந்திருக்கிறது. அக்டோபரில் சேர வேண்டும். இரண்டு பெயரும் ஒன்றாகாமல் விசா விண்ணப்பம் நகராது. விண்ணப்பிக்கக் கையில் பன்னிரண்டு நாள். ஒரே நாளில் முடித்துவிட்டுத்தான் சென்னை திரும்புவது என்று இருந்தேன்.

தவறு நடந்த கதை எங்கள் வீட்டில் பழசு. முதல் பையனுக்கு அப்பாவின் அப்பா பெயர். எங்கள் பக்கம் அது உட்கார்ந்து பேசி முடிவு செய்கிற விஷயமே இல்லை. பேரன் என்ற சொல்லே பெயரன்தான். பெயரைச் சுமக்கிறவன். தாத்தா சீனிவாசன், ஆகவே நானும். ஆனால் மருமகள் மாமனாரின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. தாத்தா இறந்து எட்டு வருடம் ஆகிறது. அம்மா இன்றும் சொல்வதில்லை.

நான் பிறந்தது அம்மாவின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில். ஒரு சிறிய தனியார் மருத்துவமனை, இப்போது அது இல்லை. வீட்டுக்கு அனுப்புகிற அன்று எழுத்தர் படிவத்தோடு வந்து, பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டிருக்கிறார். அம்மாச்சி காப்பி வாங்கப் போயிருந்தாள். அம்மா வழக்கப்படி சுற்றி வளைத்தாள்: "திருவண்ணாமலைச் சாமி பேரு."

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதில் குழப்பமே கிடையாது. ஊரிலிருந்து நாலு கிலோமீட்டரில் திருவண்ணாமலை என்றே ஒரு குன்று இருக்கிறது. மேலே சீனிவாசப் பெருமாள். எழுத்தரோ செய்யாறு பக்கத்துக்காரர். அவருக்குத் திருவண்ணாமலை என்றால் ஒன்றுதான், அதன் சாமியும் ஒன்றுதான். அருணாசலம் என்று எழுதிவிட்டார்.

தாத்தா அந்தத் தாளை ஒருமுறை பார்த்து மடித்து வைத்தாராம். பள்ளியில் சேர்க்க அவரே கூட்டிப் போனார். பெயர் கேட்டபோது தன் பெயரைச் சொன்னார். அப்பாவுக்கு நான் சீனி. அம்மாவுக்கு அருணா. கல்லூரிக்குப் போகும்வரை அருணாவைச் செல்லப் பெயர் என்று நினைத்திருந்தேன்.

அப்பாவுக்கு நூற்பு மில்லில் காலை ஷிப்ட். ஐந்தரைக்குக் கிளம்பும்போது கதவருகில் நின்று சொன்னார். "இன்னைக்கு முடிச்சிரு சீனி. எங்கய்யா பேரு அந்த ஒரு தாள்ல மட்டும் இல்லாமக் கெடக்கு."

ஏழரைக்கு நானும் அம்மாவும் பேருந்து நிலையத்தில். இரண்டு பஸ் வந்து போயின. அம்மா ஏறவில்லை. "செத்த நேரம் நில்லு அருணா. ரோஸ் கலரு வரட்டும்." பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ். ஏழு ஐம்பதுக்கு வந்தது. எனக்குப் பன்னிரண்டு ரூபாய். அம்மாவுக்கும் ஒரு சீட்டு கிழித்துக் கொடுத்தார் நடத்துநர். அதில் பூஜ்யம் என்று அச்சிட்டிருந்தது. அதை மடித்துப் பர்சில் பத்திரமாக வைத்தாள்.

(ராஜபாளையம் பற்றி எழுதச் சொல்லி முன்பு சிலர் கேட்டிருந்தீர்கள். சென்னையில் ஊர்ப் பெயர் சொன்னால் அடுத்த கேள்வி நாய் பற்றித்தான். ஊர்ப் பெயர் ஒரு நாய் இனத்துக்குப் போய், நாய் ஊரைவிடப் பெரிய ஆளாகிவிட்டது. எங்கள் வீட்டில் நாய் கிடையாது.)

பஸ்ஸில் கோப்பைத் திறந்து அம்மாவிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். அவள் பெயரில் நான் தட்டச்சு செய்த வாக்குமூலம். 'எழுத்தரின் தவறுதலால் என் மகனின் பெயர் மாற்றிப் பதியப்பட்டது' என்று ஒரு வரி. அதை இரண்டு முறை வாசித்தாள்.

"தப்புன்னுதான் போடணுமா?"

"ஆமாம்மா."

"வேற வார்த்தை இல்லையா?"

இல்லை என்றேன். இலக்கியத்தில் இரண்டு பட்டம் வாங்கியவன்.

எட்டு இருபதுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். ஆடிப்பூரத் தேருக்கு முன்னால் ஆட்கள் வடத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பெயருக்குக் கதை உண்டு. வில்லி, கண்டன் என்று இரண்டு சகோதரர்கள், வேட்டைக்குப் போனார்கள். கண்டனைப் புலி கொன்றது. வில்லி காட்டைத் திருத்தி ஊர் கட்டினான். வில்லியின் புத்தூர். இறந்தவன் பெயரை ஏன் வைக்கவில்லை என்று சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "இருக்கிறவனக் கூப்பிடத்தானடா பேரு" என்றாள். அப்போது அது பதிலாகத் தோன்றவில்லை.

குன்றுக்கு ஆட்டோ. போக, வர, அரை மணி நேரம் நிற்க, 250 ரூபாய். பேரம் பேசினால் 220க்கு வருவார்கள். எனக்குச் சாமி கும்பிடும் எண்ணம் இல்லை. பெயர்ப் பலகையைப் படம் எடுக்க வேண்டும். இந்த ஊரிலும் ஒரு திருவண்ணாமலை இருக்கிறது என்பதற்கு ஆதாரம். அதிகாரி வெளியூர்க்காரராக இருந்தால்?

ஓட்டுநரிடம் சொன்னதும் சிரித்தார். "நீங்களாவது பரவால்ல சார். போன பௌர்ணமிக்கு ஒருத்தரு போன்ல மேப்பப் போட்டுக்கிட்டு கிரிவலத்துக்குன்னு இங்க வந்து எறங்கிட்டாரு. செருப்பக் கழத்திட்டு, 'பதினாலு கிலோமீட்டரு எந்தப் பக்கம் ஆரம்பிக்கி'ன்னு கேக்காரு."

"பொறவு?" அம்மா.

"பொறவென்ன, பெருமாளக் கும்பிட்டுட்டுப் போங்கன்னு அனுப்பி வச்சோம். வந்ததுக்கு ஏதோ ஒரு சாமி."

பெயர்கள் இங்கே ஒன்றிலிருந்து ஒன்று கடன் வாங்கியவை. குன்று வடக்கே உள்ள மலையின் பெயரைச் சுமக்கிறது. கோயிலுக்குத் தென் திருப்பதி என்று இன்னொரு பெயர். திருப்பதிக்கு நேர்ந்துகொண்டு போக முடியாதவர்கள் இங்கே வந்து முடி இறக்குகிறார்கள். அடிவாரத்தில் குளம். படிகள் அதிகமில்லை, அம்மா ஓரிடத்தில் மட்டும் நின்று மூச்சு வாங்கினாள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நெரிசல் இருக்கும், அன்று நாங்கள் பதினைந்து பேர்கூட இல்லை. சன்னதியில் பக்கத்திலிருந்த பெண்மணி சாமி பெயரைச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா "பெருமாளே, பெருமாளே" என்றாள். மாமனாருக்குச் சாமியின் பெயர். சாமியையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது அவளால். இருபத்தைந்து வருடமாக அவள் மகன் நான். அன்றுதான் கவனித்தேன்.

நகல்கள் எடுத்துக்கொண்டு பத்து ஐம்பதுக்கு நகராட்சி அலுவலகம். வரிசை இல்லை. அதிகாரி ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண்மணி, உள்ளூர்ப் பேச்சு. படம் எடுத்தது வீண். கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது.

"செய்யாத்துக்காரருகிட்டப் போயி திருவண்ணாமலைச் சாமின்னா வேற என்ன எழுதுவாரு?" சிரித்துக்கொண்டே தாளை வாங்கினார். பிறகு விதியைச் சொன்னார். ஒருமுறை பதிந்த பெயரை விருப்பத்துக்கு மாற்ற முடியாது. எழுதும்போதே தவறு நடந்தது என்றால் திருத்தலாம். அதைத் தகவல் கொடுத்தவர் சொல்ல வேண்டும். தகவல் கொடுத்தவர் அம்மா.

"நீங்க சொன்ன பேரு ஒன்னு, அவரு எழுதுனது ஒன்னு. அப்படித்தானம்மா? உங்க வாயால சொல்லுங்க. பொறவு கையெழுத்து."

அம்மா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்சம் என்று நினைத்தேன்.

"சொல்லும்மா" என்றேன்.

"எழுதிட்டு வாசிச்சுக் காட்டுனாரு" என்றாள் அம்மா. என்னிடம் இல்லை, அதிகாரியிடம். "அருணாசலம், சரியாம்மான்னு கேட்டாரு. சரின்னேன்."

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான் மேடம். அவரு வெளியூருன்னும் தெரியும். எங்கம்மா வரதுக்குள்ள எழுதட்டும்னுதான் இருந்தேன்."

"ஏம்மா?" இது நான்.

"அவிய பேர உனக்கு வச்சா ஊரே உன்னப் பேரு சொல்லிக் கூப்பிடும். பெத்தவ நான் ஒருத்தி மட்டும் ஏய், தம்பி, இந்தான்னு கூப்பிடணும். எனக்குக் கூப்பிட ஒரு பேரு வேண்டாமா அருணா?"

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எம் மகனுக்கும் மாமனாரு பேருதான். இருபத்திரெண்டு வயசாவுது. இன்னும் தம்பிதான் எனக்கு." பிறகு கண்ணாடியை மாட்டினார். குரல் மாறியது. "ஆனா இதக் கேட்ட பொறவு இந்தத் தாள நான் எப்படிம்மா வாங்குறது?"

"பேனா குடுங்க மேடம். போட்டுருதேன். அவன் படிப்பு கெடக் கூடாது."

"போட்டா பொய்யாயிரும்லா?"

"நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் அம்மா. கையை நீட்டியபடியே இருந்தாள். பேனாவுக்காக.

தாள் மேசைமேல் இருந்தது. ஒரு கையெழுத்து. அக்டோபர், ஜெர்மனி, எல்லாம் அதில். அவள் போட்டிருப்பாள், ஒரு சொல் குறை சொல்லியிருக்க மாட்டாள். பிறகும் அருணா என்றே கூப்பிட்டிருப்பாள், ஆனால் எந்தத் தாளிலும் இல்லாத ஒரு பெயரை. அவள் ஒரே ஒரு முறை பிடிவாதம் பிடித்திருக்கிறாள். அதற்குத் தவறு என்று பெயர் வைத்துத் தட்டச்சு செய்தவன் நான்.

தாளை எடுத்துக் கோப்பில் வைத்தேன். மாற்று வழி கேட்டேன். பிறப்புச் சான்றிதழை அப்படியே விட்டு மற்ற எல்லாவற்றையும் அருணாசலம் ஆக்குவது. அரசிதழில் வெளியிட வேண்டும், பிறகு மதிப்பெண் பட்டியல், பட்டம், ஆதார், பாஸ்போர்ட், ஒவ்வொன்றாக. மூன்று மாதம், கூடவும் ஆகலாம் என்றார் அதிகாரி. "அக்டோபரு போயிருமே தம்பி." தெரியும் என்றேன்.

வெளியே டீக்கடையில் நின்று பேராசிரியருக்கு எழுதினேன். அடுத்த பருவத்தில், ஏப்ரலில் சேர அனுமதி கேட்டு. அம்மா டீயைத் தொடவில்லை. "ஏலே, கிறுக்குத்தனம் பண்ணாத. உள்ள போயி அந்தம்மா கால்ல விழுந்தாவது..." என்று இரண்டு முறை சொன்னாள். மூன்றாம் முறை சொல்லவில்லை. டீயைக் குடித்தாள். ஆறியிருக்கும்.

பஸ்ஸில் ஏறியதும் அப்பா அழைத்தார். "மாத்தியாச்சா சீனி?" அம்மா என் கையிலிருந்து போனை வாங்கினாள். நடந்ததை நாலு வரியில் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. எதிர்முனையில் மில் இரைச்சல்.

"அப்ப எங்கய்யா பேரு?" அப்பாவின் குரல் எனக்கே கேட்டது.

"நீங்க கூப்பிடுங்க. யாரு வேண்டாம்னா? இம்புட்டு நாளா ஆளுக்கொரு பேருலதான கூப்பிடுதோம். அவன் ரெண்டுக்கும் திரும்பிப் பாக்கான்லா?"

அன்று மாலை அப்பா என்னிடம் பேசவில்லை. மறுநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது "சீனி, கதவச் சாத்திக்க" என்றார். அவ்வளவுதான். பேராசிரியரின் பதில் சனிக்கிழமை வந்தது. ஏப்ரலில் சேரலாம். உதவித்தொகை அதுவரை இருக்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம். சரி. இல்லை என்றால் வேறு இடம் தேட வேண்டும். தேடுவேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இடையே பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரம், பஸ்ஸுக்குக் காத்திருக்கவே வேண்டாம் (என் அம்மாவோடு போகாவிட்டால்). குன்றுக்குக் காலை ஒன்பதுக்கு முன்பே போங்கள், படியில் வெயில் ஏறிவிடுகிறது. அலுவலகத்துக்குப் பதினோரு மணிக்குள். மூலச் சான்றிதழ்களோடு இரண்டு செட் நகல், பெற்றோரின் ஆதார். தகவல் கொடுத்தவர் உயிரோடு இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்வதற்கு முன் அவரிடம் என்ன நடந்தது என்று கேளுங்கள். தெரிந்த கதைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

அரசிதழ் விண்ணப்பத்தை நேற்று நிரப்பினேன். பழைய பெயர்: சீனிவாசன். புதிய பெயர்: அருணாசலம். வரிசை தலைகீழ், ஆனால் படிவத்தில் வேறு இடம் இல்லை. காரணம் என்று ஒரு கோடு விட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் எண்கணித ஜோதிடம் என்று எழுதுவார்கள் என்றார் நகல் எடுக்கும் கடைக்காரர், அதுதான் கேள்வி இல்லாமல் போகுமாம். நான் எழுதினேன்: அம்மா கூப்பிடும் பெயர்.