மூன்றாவது மேட்டில் மஞ்சள் கொடி

கலஹாவிலிருந்து பேராதனைக்கு பஸ் ஓட்டுகிறவன் நான். மெதுவாகத்தான் ஓட்டுவேன். "அண்ணே, நடந்து போறவங்கல்லாம் நம்மள முந்திப் போறாங்க" என்று பின்னாலிருந்து கிண்டல் பண்ணுவார்கள். அவசரமென்றால் இறங்கி நடங்க என்பேன். இப்படிப்பட்டவனுக்கு மோட்டார் சைக்கிள் ரேஸ் ஓடுகிற மகள். இதை எங்கே போய்ச் சொல்ல?

பேராதனையில் படித்த காலத்திலேயே கூட்டாளிகளோடு சேர்ந்து ஓட்டப் பழகியிருக்கிறாள். எனக்குத் தெரிய வந்தபோது சாம்பியன்ஷிப் போட்டியின் பெண்கள் பிரிவுக்குப் பேர் கொடுத்தாயிற்று. மூன்று வாரம் நான் அவளோடு பேசவில்லை. அவளும் சளைத்தவளில்லை. சோற்றை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து "சாப்பிடச் சொல்லுங்க" என்பாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பாவம், அந்தச் சுவர்தான் எங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது.

கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். தடுக்க முடியாவிட்டால் பக்கத்திலாவது நிற்கலாமென்று, பந்தயத்தில் கொடி காட்டுகிற வேலைக்குப் போனேன். சம்பளம் கிடையாது, ஒரு சோத்துப் பார்சல்தான். அவள் விழுந்தால் முதலில் ஓடிப் போய்த் தூக்குகிறவன் நானாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

பயிற்சி நாளில்தான் விஷயமே தெரிந்தது. கொடிக்காரன் ஓடக் கூடாதாம். யாராவது விழுந்தால் அவருக்கு முதுகைக் காட்டி நின்று, வருகிற வண்டிகளைப் பார்த்து மஞ்சள் கொடியை ஆட்ட வேண்டுமாம். தூக்குவதற்கு வேறு ஆட்கள். மேட்டில் எகிறி வருகிறவர்களுக்கு அந்தப் பக்கம் கிடப்பவர் தெரியாது. கொடி இல்லையென்றால் அவர் மேலேயே வந்து இறங்குவார்கள்.

பந்தயம் கலகெதரைப் பக்கம், மலையடிவாரத்தில் மண்ணைக் குவித்துப் போட்ட பாதையில். முந்தின நாள் நல்ல மழை. என்னை மூன்றாவது மேட்டில் நிறுத்தினார்கள். இரண்டாவது சுற்றில் முதல் ஆளாக வந்தவள் அவள்தான். எகிறிப் போய் அந்தப் பக்கம் இறங்கிய வண்டி வழுக்கி, அவளைத் தூக்கி எறிந்தது. எழும்பவில்லை.

என் கால் தானாக ஓர் அடி எடுத்து வைத்தது. மற்ற வண்டிகளின் சத்தம் மேட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. எப்படித்தான் மனசு வந்ததோ, திரும்பினேன். பெற்ற பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொடியை ஆட்டினேன். வண்டிகள் வேகத்தைக் குறைத்து, ஒதுங்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. ஒரு முனகல் கேட்டாலாவது போதுமே என்றிருந்தது. தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன், கோபத்தோடுதான் கூப்பிட்டேன்.

பொறுப்பாளர் ஓடி வந்து, "விடுங்க, நான் பிடிக்கிறேன், நீங்க போங்க" என்று சிங்களத்தில் சொன்னார். என் விரல்கள் விரியவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கொடியை எடுத்தார்.

அவளை ஸ்ட்ரெச்சரில் கிடத்தியிருந்தார்கள். தோள் எலும்பு முறிந்திருந்தது. மூச்சு இருந்தது, எனக்கு அது போதும். வர முடியல்லம்மா என்று சொல்லப் போனேன். அழுகைதான் வந்தது.

"மூச்சடைச்சுப் போச்சுப்பா, கத்தக்கூட முடியல்ல" என்றாள். "நீங்க ஓடி வந்துருவீங்களோன்னுதான் பயந்தேன். கண்ணைத் திறந்தா உங்க முதுகு தெரிஞ்சிச்சு. அதுக்கப்புறம் பயமில்ல."