ஈஸ்வரன் சார் வகுப்புக்கு வாங்க

காரைக்குடியில் ஒரு மாடியறையில் உட்கார்ந்துகொண்டு, ஊருக்கொருவராக இருக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லித் தருகிறார் ஈஸ்வரன். வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை மூடிய பிறகு கிடைத்த உத்தியோகம். ஐம்பதைத் தாண்டியவருக்கு இன்னொன்று யார் தருவார்கள்?

பிள்ளைகள் எத்தனை முறை வாய் திறந்தார்கள் என்று அங்கே மென்பொருள் எண்ணும். நிறைய என்றால் திரையோரம் பச்சை, குறைந்தால் சிவப்பு. என்ன பேசினார்கள் என்பது அதற்கு வேண்டாத விஷயம். நிறுவனத்தை நடத்தும் சேதுபதி தன்மையாகத்தான் சொன்னார்: "புள்ளைகளப் பேச வைங்க சார். இந்த மாசமும் செவப்புன்னா வேற ஆளத்தான் பாக்கணும். தப்பா நெனைக்காதீக."

ஈஸ்வரன் கோமாளித் தொப்பி போட்டார். பொம்மை ஆட்டினார். "புரிஞ்சவுக கையத் தூக்குங்க" என்று கெஞ்சினார். கறுப்புக் கட்டங்களுக்குப் பின்னால் அத்தனை பேரும் பிடித்து வைத்த பிள்ளையார்.

வழி, தங்கை வீட்டுக்குப் போனபோது கிடைத்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் உள்ளே இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக "வாங்க" சொல்வது இந்தப் பக்கத்து முறை. ஒருவர் விட்டுவிட்டாலும் அடுத்த கல்யாணம்வரை மனத்தாங்கல். மறுநாளே சட்டம் போட்டார்: வகுப்புக்குள் யார் நுழைந்தாலும் எல்லோரும் மைக்கைத் திறந்து வாங்க சொல்ல வேண்டும்.

பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. பிள்ளைகளும் லேசுப்பட்டவர்களா? வெளியே போய்த் திரும்பி வந்தாலும் வாங்க உண்டு என்று கண்டுகொண்டார்கள். "பின்னம்" என்று அவர் வாயெடுத்ததும் ஒருவன் வெளியேறுவான், திரும்பி வருவான், வரிசையாக வாங்க. அது அடங்குவதற்குள் இன்னொருவன். சேதுபதி பூரித்துப் போனார்.

"இம்புட்டு நாளா இந்த வித்தைய எங்குட்டு வச்சிருந்தீக? மத்த சாருகளுக்கும் சொல்லிக் குடுங்க."

வலையபட்டியிலிருந்து சேர்ந்திருந்த சத்தியப்பிரியா ஒருநாள் கேட்டாள்: "சார், அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டுனா எனக்கு அஞ்சுல ரெண்டு வருது. அது அரையவிடக் கொறச்சலாவுல இருக்கு. எங்க சார் தப்புப் பண்றேன்?"

ஈஸ்வரனுக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படிக் கேட்கிற பிள்ளைக்காகத்தானே வாத்தியார் வேலைக்கே வந்தார். "நல்லாக் கேட்ட தாயி. அரைங்கிறது..." என்று ஆரம்பித்தார். எவனோ நுழைந்தான். வாங்க, வாங்க, வாங்க. எல்லா மைக்கையும் அடைக்க ஒரு பொத்தான் போதும். விரல் அதுவரை போனது. வேலை நினைவுக்கு வந்தது. விரலை எடுத்துக்கொண்டார்.

"வாங்க" என்றார் அவரும்.

சத்தியப்பிரியா மறுநாளும் கேட்டுப் பார்த்தாள். கடைசியில், "போயிட்டு வாரேன் சார்" என்று முறையாகச் சொல்லிவிட்டே வெளியேறினாள். அந்த இரைச்சலில் அது அவருக்கு மட்டும் கேட்டது. கூனிக் குறுகிப் போனார்.

அப்புறம் அவள் வரவில்லை. அவள் விடைபெற்ற அன்றைக்கு வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்து ஆறில் ஐந்து எப்படி வருகிறது என்று காலித் திரைக்கு ஒழுங்காக நடத்தி முடித்தார் ஈஸ்வரன்.