மஸீனா மாமி சொன்ன தோணி

அக்குறணையில் துணிக்கடை வைத்திருக்கும் மஸீனா மாமி, என் வாப்பாவின் தங்கை, ஒரு நாவலை வாசித்துவிட்டு அதைப் பற்றிப் பேச ஆள் தேடித் திரிந்தார். மாமாவிடம் ஆரம்பித்தால், "கத முடிஞ்சா ஷட்டர இழு," என்பார். மிச்சமிருந்தது மாதாமாதம் மாமி வீட்டு ஹோலில் கூடும் வாசகர் வட்டம்தான்.

வட்டத்தின் தலைவர் மர்சூக் சேர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். சலாம் சொல்வதற்கும் மைக் முன்னால் நிற்பவர் போலத் தொண்டையைச் செருமுவார்.

"ம்ஹ்ம்... காதல் கதையா, சகோதரி?"

"காதலும் ஈக்குது, உளவும் ஈக்குது சேர். கண்டி ராஜா காலம். வெத்தில விக்கிற பொம்புள ஒருத்தி ராஜாவுக்கு உளவு பாக்கப் போறா. போன எடத்துல ஒல்லாந்தக் கணக்கப்புள்ள மேல ஆச வெச்சிர்றா."

"ஐயோ, கடைசியில என்னங்க ஆகுது?" அம்பிட்டியவிலிருந்து வரும் நிஷாந்தி அக்கா எந்தக் கதையையும் வாலிலிருந்துதான் பிடிப்பார்.

மாமி தயங்கினார். அந்த முடிவை அவர்களே வாசித்து அதிர வேண்டும். அதனால் பொய் சொன்னார்.

"ரெண்டு பேரும் ராவோட ராவா தோணி ஏறித் தப்பிர்றாங்க."

நாவலில் தோணியே இல்லை. அவளே அவனைக் காட்டிக்கொடுக்கிறாள். மறுநாள் பழையபடி வெற்றிலைக் கூடையைத் தூக்குகிறாள்.

"நீ எப்படியும் வாசிக்க மாட்டாய், அதால ஒனக்கு மட்டும் உண்மயச் செல்றேன்," என்றார் மாமி என்னிடம். "ஆராச்சும் ஒராள், 'பொய் செல்லிட்டீங்களே'ண்டு சண்டைக்கி வரணும். அண்டைக்கிப் பேசுவேன் பாரு!"

இருந்தது ஒரே பிரதி. மாமி உறை போட்டுக் கொடுத்தார். வீடு வீடாகப் போய், உறையின் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது.

விமர்சனக் கூட்டத்தன்று மாமி புதுச் சாரி உடுத்து, முன் கதிரையில் உட்கார்ந்தார்.

"ம்ஹ்ம்... அந்தத் தோணிக் காட்சி! அலைகளை ஆசிரியர் வர்ணித்திருக்கும் அழகு..."

"ஆமாங்க சேர், தோணி கெளம்புறப்ப எனக்கு அழுகையே வந்திருச்சு!" நிஷாந்தி அக்கா கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

பின்னாலிருந்து ஒருவர், தோணி என்பது விடுதலையின் குறியீடு என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

மாமி எழுந்து போய் பிளேன்டீ எடுத்து வந்தார்.

"அடுத்த மாதத்துக்கு நான் ஒரு நூலைச் சிபாரிசு செய்யலாமென்று..." சேர் செருமினார்.

"செய்ங்க சேர்." மாமி கோப்பையை அவர் முன்னால் வைத்தார். "முடிவையும் இண்டைக்கே செல்லிருங்க. பொறகு ஆருக்கும் கரச்சல் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். மாமி நாவலை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.