சிக்ஸர் நோட்டு

எண்பதுகளில் காரிமங்கலம் பக்கம் எங்கள் ஊர்த் திடலில் கிரிக்கெட் ஆடும்போது ஸ்கோர் நோட்டு எழுதியவன் நான். சிக்ஸர் அடிக்க எங்களிடம் இரண்டே பேர். ஒருவன் திடலை ஒட்டிய ராகிக் கொல்லைக்காரர் மகன். மற்றவன் அங்கே கூலி வேலை செய்தவர் மகன். யார் பெரிய ஆள் என்று பார்க்க ஒருநாள் நோட்டில் இருந்த சிக்ஸர்களையெல்லாம் கூட்டினேன். கொல்லைக்காரர் மகனுக்குத்தான் அதிகம்.

"தெரிஞ்சதுதானுங்களே," என்றான் மற்றவன். "கொல்லையில அவரு அடிச்சா சிக்ஸு, நான் அடிச்சா அவுட்டு."

அடித்தவன்தான் பந்தை எடுத்து வர வேண்டும்; கூலி வேலைக்கு அல்லாமல் விளையாட்டுக்காக அவன் கொல்லைக்குள் கால் வைக்கக் கூடாது என்பதற்காக நாங்களே வைத்த விதி அது. நோட்டைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் அவன் பெயருக்கு நேரே 'அவுட்'. எல்லாம் என் கையெழுத்து. சிவப்பு மையில் அடிக்கோடு வேறு போட்டிருந்தேன்.