மத்தியானம் வரும் என்று சொன்னேன்

போர்ட் பிளேயரில் மகன் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த தெருவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வந்த ஜீப்புக்கு முன்னால் வெடி வைத்தார்கள். சத்தம் என்னை ஒன்றும் செய்யவில்லை. இந்த வயதில் காது பாதிதான் கேட்கிறது. ஆனால் பின்னாலேயே காற்றில் வந்த அந்த மருந்து வாசனை இருக்கிறதே, அது என்னை அப்படியே நிறுத்திவிட்டது. ஈரப் புடவையிலிருந்து தண்ணீர் காலில் சொட்டுவதுகூட வெகுநேரம் தெரியவில்லை.

கல்யாணமாகி அந்தமானுக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. அப்பா, அண்ணன்மார் எல்லாரும் வலைக்குப் போகிறவர்கள். அப்படிப்பட்டவள் மெட்ராஸில் கப்பலேறி நாலு நாளும் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தேன். ஊரில் சிரிப்பார்களே என்று கடிதத்தில் அதை மட்டும் எழுதவில்லை.

என் வீட்டுக்காரருக்கு லாங் ஐலண்டில் தச்சு வேலை. எதிர்க்கரையில் காட்டை வெட்டிக் குடியேறியவர்களுக்கு நிலம் கொடுத்தார்கள். அவர் பேருக்கும் ஒரு துண்டு வந்திருந்தது. நிலத்தைத் தரிசாகப் போட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். வேலையை விட்டால் சாப்பாட்டுக்கு வழியில்லை. ஆகவே அவர் பட்டறையில், நான் நிலத்தில். சனிக்கிழமை சாயங்காலம் டோங்கியில் வருவார். இங்கே சின்னப் படகுக்கு அதுதான் பெயர். திங்கட்கிழமை விடிந்ததும் போய்விடுவார்.

நடுவில் ஐந்து நாள். அதன் நீளத்தை எப்படிச் சொல்வது? பக்கத்து வீடு என்பது அரைமணி நடை தள்ளி ஒரு வங்காளிக் குடும்பம். அந்த வீட்டம்மாள் நல்லவள்தான். ஆனால் எனக்குப் பத்து வார்த்தை இந்தி, அவளுக்குப் பன்னிரண்டு. 'கானா காயா?', சாப்பிட்டாயா என்று அவள் கேட்பாள், 'காயா' என்பேன். அதற்குமேல் இருவரும் சிரித்துக்கொண்டு நிற்போம். கன்னம் வலிக்கும்.

மிச்சம் இருந்தது காக்கைகள்தான். ஊர்க் காக்கை மாதிரி சாம்பல் கழுத்து இல்லை, முழுக் கறுப்பு, தடித்த மூக்கு. அந்தமானில் இருப்பதால்தான் அண்டங்காக்கை என்று பேர் வந்திருக்கும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். படிப்பு அவ்வளவுதான். எங்கள் ஆட்களிடம் காக்கைக்குச் சோறு வைக்கிற வழக்கமும் கிடையாது. ஒருநாள் மீன் குடலை வெளியே எறிந்தேன், ஒன்று வந்தது. வலது காலில் ஒரு விரல் இல்லாத காக்கை. 'என்ன, சாப்பிட்டியா?' என்றேன். மூன்று நாளில் என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. என் குரலே எனக்குக் கரகரவென்று கேட்டது.

பிறகு தினமும் பேசினேன். அம்மாவைப் பற்றி, உப்புப் பற்றாத குழம்பைப் பற்றி. அவை வரும் நேரம் எனக்கு அத்துப்படி. கிழக்கு வெளுக்கும்போது எரிந்து நின்ற படாக் மரத்தில் ஒவ்வொன்றாக வந்து உட்காரும். வெயில் ஏறுவதற்குள் வயலில் இறங்கி வேலையை முடித்துவிடும். அப்புறம் கடல் வற்றிய கரைக்கு, நண்டு பொறுக்க. உச்சி வெயிலில் காட்டுக்குள் போய் அடங்கிவிடும். மத்தியானத்தில் எங்கள் வயலில் ஒரு காக்கையைப் பார்க்க முடியாது.

அவை வயலில் செய்த வேலை என்னவென்றால், மக்காச்சோளம் முளைவிட்டதும் குருத்தைப் பிடித்து இழுத்து அடியிலிருக்கும் விதையைத் தின்பது. முதல் விதைப்பு முழுவதும் அப்படியே போயிற்று. ஆபீசில் கெஞ்சி வாங்கிவந்த விதையை இரண்டாம் தடவை ஊன்றினோம். அதுவும் முளைக்கத் தொடங்கியபோது யாரிடமோ ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றும் கொஞ்சம் தோட்டாவும் இரவல் வாங்கிக்கொண்டு வந்தார் என் வீட்டுக்காரர்.

"ஏட்டி, நீதான நாள் பூரா இங்கன கெடக்கே. எப்பம் வந்து நின்னா காக்காய நல்லா அடிக்கலாம், சொல்லு."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மத்தியானம்" என்றேன். "பன்னெண்டு மணி வெயில்லதான் கூட்டமா எறங்கும்."

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அவர் அசந்து தூங்கினார். நான் எழுப்பவில்லை. ஓசைப்படாமல் போய்க் கையை வீசித் துரத்தினேன். நான்தானே என்று அவை நகரவே இல்லை. பன்னிரண்டு மணிக்கு அவர் ஓலைப் பந்தலில் மடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்தார். சோறு கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். காக்கை வருமா? வரவில்லை. சும்மா இருக்க முடியாமல் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த ஞாயிறும் அப்படியே. வேர்வை வழிய நாலு மணி வரை காவல் காத்தார். முளைத்ததில் பாதி போயிருந்தது.

மூன்றாம் ஞாயிறு விடியலில் நான் காக்கைகளுக்கு நடுவே நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் சருகு மிதிபடும் சத்தம். திரும்பினால் அவர், கையில் துப்பாக்கியோடு.

"கொஞ்சம் தள்ளி நில்லு" என்றார், மெதுவாக.

தள்ளி நின்றேன். வேறென்ன செய்ய? மூன்றாவது தடவைக்கு விதை இல்லை. ஒரே ஒரு வெடி. ஒன்று விழுந்தது, மற்றதெல்லாம் மேலே சுற்றிச் சுற்றிக் கத்தின. அந்த மருந்து வாசனை தரையோடு வந்து என் மூக்கில் ஏறியது. விழுந்ததற்கு எத்தனை விரல் என்று நான் போய்ப் பார்க்கவில்லை. இன்றுவரை தெரியாது.

அதைக் கம்பில் கட்டித் தொங்கவிட வேண்டும், அப்போதுதான் மற்றவை அண்டாது. கயிற்றை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "வீட்லேருந்து தெரியாத எடமாப் பாத்துக் கட்டுதேன்" என்றார்.

அந்த வாரம் ஒரு சத்தமும் இல்லை. படாக் மரம் வெறுமனே நின்றது. அடுத்த சனிக்கிழமை அவர் படகைவிட்டு இறங்கியதும், கையில் இருந்த அரிசிப் பையைக்கூட வாங்காமல் சொல்லிவிட்டேன். "நாந்தான் பொய் சொன்னேன். மத்தியானம் ஒண்ணும் வராது."

"தெரியும்" என்றார். "மொத வாரமே தெரியும். புடுங்கிப் போட்ட குருத்து காலையிலேயே வாடிக் கெடந்துச்சே."

"பெறகு எதுக்கு அந்த வெயில்ல உக்காந்திருந்தீங்க?"

பையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போனபிறகு, திரும்பாமலே சொன்னார்: "நீ சோத்தக் கொண்டுட்டு வந்து பக்கத்துல உக்காந்து பேசுனல்லா. அங்கன பட்டறையில எனக்கு மட்டும் யாரு இருக்கா?"

அந்த வருஷம் மிஞ்சிய சோளம் எல்லாம் விளைந்தது. இரண்டு வருஷம் கழித்து லாங் ஐலண்டிலேயே குவார்ட்டர்ஸ் கிடைத்தது, நிலத்தை எழுதிக்கொடுத்துவிட்டுப் போனோம். குழந்தைகள் பிறந்து வீட்டில் சத்தம் நிறைந்தது. அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அப்பா எப்படிப்பட்டவர் என்று பிள்ளைகள் கேட்டால் நல்ல வேலைக்காரர் என்று சொல்கிறேன். இந்தக் கதையைச் சொன்னதில்லை.

போன வருஷம் மகன் என்னை அந்தக் கரைக்குக் கூட்டிப்போனான். எல்லாம் பாக்குத் தோப்பு. எங்கள் வயல் எது, வீடு எது, ஒன்றும் பிடிபடவில்லை. பாக்கு உரித்துக்கொண்டிருந்த ஒரு பையனிடம், இங்கே முன்னால் சோள வயல் இருந்ததே என்று கேட்டேன்.

"இதர்? கேத் கபி நஹீ தா, அம்மா" என்றான். இங்கே வயலே இருந்ததில்லையாம்.

இப்போது எனக்கு இந்தி சரளமாக வரும். ஆனாலும் 'கானா காயா?' என்று மட்டும்தான் அவனிடம் கேட்டேன்.